மங்கோலியாவுக்கு ஒரு பை

ஒரு பையை நனைப்பதற்காகப் பழைய குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்றோம், நானும் முகம்மது மீரானும்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டுகிற பை. உள்ளே தண்ணீர் புகாது என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை மட்டும் நம்பி மங்கோலியா முழுக்கக் குறுக்கே போக முடியாது.

அங்கே முக்கால்வாசித் தூரத்துக்குத் தார் ரோடு கிடையாது. புல்வெளி, மணல், பாலம் இல்லாத ஆறுகள். ஆற்றில் வண்டி சாய்ந்தால் பாஸ்போர்ட், மருந்து, மாற்று உடுப்பு எல்லாம் தண்ணீருக்குள்தான் கிடக்கும்.

பைக்குள் பொரித்த அப்பளம் போட்டு, வாயைச் சுருட்டி மூடியிருந்தான் மீரான். துளி ஈரம் பட்டாலும் அப்பளம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

ஆளுக்கொரு வாரைப் பிடித்துக்கொண்டோம். வலது கையால் இரும்புக் கம்பியைப் பிடிக்காவிட்டால் அருவி தள்ளிவிடும். அதனால் வார் என் இடது கைக்கு வந்தது.

அந்தக் கையில் சித்திரையிலிருந்து உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது.

முதலில் சுண்டுவிரல். பிறகு அதற்குப் பக்கத்து விரல். இப்போதெல்லாம் கிளட்சைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். திருநெல்வேலியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில் சொன்னார். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

மீரானிடம் சொல்லவில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த அன்றே ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தோம். ஒருத்தன் வராவிட்டால் மற்றவனும் போகக் கூடாது. மஸ்கட்டில் லாரி ஓட்டியே வயதைக் கழித்தவன் மீரான். தங்கச்சிகள் கல்யாணம், வீடு, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் முடித்துத் தென்காசிக்குத் திரும்பிய பிறகு, தனக்கென்று அவன் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

நான் வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் எங்கேயோ ஓர் ஆற்றின் நடுவில் கிளட்சை விட்டுவிடுவேன்.

இரண்டையும் பலமுறை யோசித்தாயிற்று. பயம்கூட வரவில்லை. திட்டத்தை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தேன். எந்த ஊரில் பெட்ரோல் கிடைக்கும், எந்த ஆற்றில் எந்த மாதம் தண்ணீர் வற்றும் என்பதெல்லாம் என் பொறுப்பு.

சாமான் வாங்குவது மீரான் பொறுப்பு. அதில்தான் அவன் தொடர்ந்து சொதப்பினான். பெட்ரோல் கேன் ஒன்று வாங்கினான். காற்றடிக்கிற பம்ப் ஒன்று. இந்தப் பையும் ஒன்று.

"ஏலே, ரெண்டு வண்டிக்கு ஒரு பை வாங்கிட்டு வந்து நிக்கியே, கணக்கு சார் உன்ன அடிச்சது பத்தாதுலே" என்று ஏசிவிட்டு, இன்னொன்றுக்கு நானே ஆர்டர் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டான்.

விசில் சத்தம் கேட்டது. பையோடு உள்ளே நிற்பது யார் என்று போலீஸ்காரர் கைகாட்டிக் கத்தினார்.

"நீ பிடிச்சுக்கோ, நான் அந்த ஆள சமாளிச்சிட்டு வாரேன்" என்று மீரான் தன் பக்கத்து வாரை விட்டுவிட்டு வெளியே போனான்.

அருவி கனமாக இறங்கியது. சுற்றி நின்றவர்கள் குளிரில் ஓலம் போட்டார்கள். எனக்கும் குளிர்ந்தது, இடது கையைத் தவிர.

"அண்ணாச்சி, பையக் குளிப்பாட்டக் கொண்டாந்தீய, அது நீந்தவே போயிட்டு!"

யாரோ ஒருவன் சொல்ல, பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன். பை பாறையில் வழுக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் முட்டி நின்றிருந்தது.

என் கை நீட்டியபடியே இருந்தது. பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மீரான் பையை எடுத்தான். அவன் பையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான்.

இருவரும் படியில் உட்கார்ந்தோம். அவன் என் இடப்பக்கம். பையின் வாயைப் பிரித்து, ஓர் அப்பளத்தை எடுத்து உடைத்தான். அந்த அருவிச் சத்தத்திலும் அது உடைந்தது கேட்டது.

பாதியை எனக்குக் கொடுத்தான். பக்கத்திலேயே கிடந்த என் இடது கையைத் தாண்டி, எட்டி வலது கையில் வைத்தான்.

"நீயாச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்லே" என்றான்.

ஒரு கேன். ஒரு பம்ப். ஒரு பை.

அவன் கணக்கில் ஒரு தப்பும் இருக்கவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்கலாம். அப்பளத்தைத் தின்றேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது.

பிறகு சொன்னேன்:

"ஆத்துல வண்டிய எறக்குததுக்கு முன்னால நீ நடந்து போயிப் பாத்துக்கிடணும்லே. கரையில நிக்க நான் இருக்க மாட்டேன்."