நிறுத்தச் சொன்ன மாத்திரை

மந்தைவெளி கிளினிக்கின் பெஞ்சில் ஐவி வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருக்கிறாள். பல் வலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட ஆரம்பித்த பிறகு வந்த வயிற்றுப்போக்கு இன்னும் நிற்கவில்லை. எதிரே எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் பலகையில் பட்டுத் திரும்பும் வெயில் அவளுடைய வறண்ட உதட்டில் விழுகிறது. கணவன் லாய்ட் அட்டையிலிருந்து அதே மாத்திரையைப் பிதுக்குகிறான். "போக்கு நிக்கட்டும்னு ரெண்டு ரெண்டா குடுக்கறேன் டாக்டர்." டாக்டர் ஹம்சினி அவன் கையைத் தடுக்கிறாள். "காரணமே இதுதாங்க. குடல்ல இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்து, கெட்டது பெருகிடுச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கிற வயசானவங்களுக்குத்தான் இது வரும்னு படிச்சேன். இவங்களுக்கு முப்பதுகூட ஆகலை. நிறுத்திடுங்க, வேற மருந்து தரேன், தேறிடுவாங்க." மின்விசிறி கிறீச்சிடுகிறது. லாய்ட் உள்ளங்கையில் இருக்கும் மாத்திரையையே பார்க்கிறான். "நானே ஊட்டினேனே," என்கிறான். ஐவி கண்ணைத் திறக்காமலே அவன் சட்டையைப் பற்றி, பக்கத்தில் உட்கார இழுக்கிறாள்.