ஹொவ்வே

"உங்க நாவல்லேருந்து 'ஹொவ்வே'ங்கிற வார்த்தையை எடுத்துடுங்க. எங்க குடும்ப மானம் போகுது."

பெரியவர் பேரெண்ட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு விறைப்பாக நின்றார். காப்பியைத் தொடவில்லை.

டச்சு நாட்டின் த்வெண்டெ வட்டார மொழியிலேயே எழுதும் அலைடா திகைத்தாள். "பூந்தூறலுக்கு எவ்வளவு அழகான பழஞ்சொல்! இந்த ஊர்ல உங்க வீட்டுலதான் கேட்டேன். புத்தகத்துக்கே அதுதான் பேரு. கெட்ட வார்த்தையா ஐயா?"

"பழஞ்சொல்லாம்!" பேரெண்ட் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "எங்கம்மாவுக்கு முப்பது வயசுலயே பல்லெல்லாம் போயிடுச்சு. தூறலை எல்லாரையும் போல 'ஸ்தோஃப்ரேகன்'னு சொல்ல வராது. 'ஹொவ்வே'ன்னுதான் வரும். கடையில சிரிச்சாங்க. அன்னையிலேருந்து அப்பாவும் நாங்க ஆறு பிள்ளைங்களும் அப்படியே சொன்னோம். அம்மா மட்டும் தப்பாப் பேசறான்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல? இப்ப நீங்க அச்சுல போட்டா, படிச்சவங்க தோண்டிப் பார்த்து மறுபடியும் சிரிப்பாங்க."

அலைடா அச்சுக்குப் போகவிருந்த பிரதியை எடுத்து, தலைப்பை அடிக்கப் பேனாவைத் திறந்தாள்.

அப்போது தபால்காரப் பெண் உள்ளே வந்து ஈரக் கோட்டை உதறினாள். "வணக்கம்! காலையிலேருந்து ஒரே ஹொவ்வே!"

பேரெண்ட் சட்டென்று திரும்பினார். "நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். ஏன், இங்க வேற மாதிரியா?"

பேரெண்ட் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டார்.

"இல்லம்மா. இங்கயும் அப்படித்தான்."