முன்னேற்றம் இல்லை

டெய்லர் அழுதார். சும்மா கண் கலங்கியதோடு விடவில்லை. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, மடக்கு நாற்காலி கிரீச்சிட அழுதார்.

"கனவுல வந்தா மேடம். கடை வாசல்ல நின்னு, எப்ப வீட்டுக்கு வருவீங்கன்னு கேட்டா. நான் கத்தரிக்கோலைக் கீழ வைக்கிறதுக்குள்ள போயிட்டா" என்றார். போன வருஷம் இறந்த மனைவியைச் சொல்கிறார்.

ஆறுதல் குழுவை நடத்தும் மனநல ஆலோசகர், டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தாள். கிட்டத்தட்ட இதே கனவைப் போன மாதம் குழுவில் இருக்கும் பஸ் டிரைவரும் சொல்லியிருந்தார். அவர் கனவில் டிப்போ வாசல், வந்தது செத்துப்போன தம்பி. ஒரே வட்டத்தில் உட்காருகிறவர்களுக்குள் துக்கமும் ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று அவள் படித்திருக்கிறாள்.

வேண்டியவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கான குழு அது. ஆறு பேர், அவளோடு ஏழு நாற்காலி, புதன்கிழமை மாலை நான்கு மணி. முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயிற்று. டெய்லர் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்தார். டிரைவர் மாத்திரை போடாமல் தூங்கினார். கணவரை இழந்த ரிட்டையர்டு டீச்சர் ஒருநாள் ஜோக் அடித்தார். மகா மட்டமான ஜோக், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அவள் மூன்று வாரம் லீவு போட்டாள். திரும்பி வந்த அன்றைக்கே டீச்சர் உடைந்து அழுதார். அடுத்த வாரம் டிரைவர். அதிலிருந்து நான்கு மாதமாக வாரத்துக்கு ஒருவர் என்று, தேறியவர்கள் அத்தனை பேரும் பழைய குழியிலேயே போய் விழுந்தார்கள். தன் கைராசி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

லீவுக்குக் காய்ச்சல் என்று குழுவில் சொல்லியிருந்தாள். உண்மையில் பைக்கில் போன ஒரே மகனைப் பிணவறையில் அடையாளம் காட்டிவிட்டு வந்திருந்தாள். நடத்துகிறவர் தன் துக்கத்தை வட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். வீட்டில் சொல்லி அழவும் ஆள் கிடையாது. வாரத்தில் அந்த ஒரு மாலைக்காகத்தான் அவள் தலை வாரினாள், துவைத்த துணி உடுத்தினாள். மற்ற ஆறு நாளும் அவளும் நான்கு சுவரும்தான்.

இப்போது அதற்கும் உலை வைத்துவிட்டார்கள். மாதா மாதம் அனுப்பும் அறிக்கையில் 'முன்னேற்றம் இல்லை' என்ற கட்டத்தில் அவள் நேர்மையாக டிக் அடித்து வந்தாள். நான்கு மாதமாக முன்னேற்றம் இல்லாததால் குழு இன்றோடு கலைக்கப்படுகிறது என்று தலைமை அலுவலகம் கடிதம் அனுப்பிவிட்டது. காலையில் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தாள். அந்த அறையைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள்.

கடைசியில் கடிதத்தைப் படித்துச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள். டெய்லர் அழுத அழுகையில் கடிதம் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அடுத்த புதன் பார்ப்போம் என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. நாற்காலிகளை மடக்கிவைப்பது அவர்கள் வேலை; அவள் வழக்கம்போல் முதலில் மாடி இறங்கினாள்.

கேட் வரைக்கும்தான் கால் நடந்தது. அடுத்த வாரம் ஆறு பேரும் வந்து பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏற்கெனவே பட்டது போதாதா அவர்களுக்கு? கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலி மடக்கும் சத்தத்துக்கு நடுவே டெய்லரின் குரல் கேட்டது. அதில் அழுத சுவடே இல்லை.

"சுமாரா இருந்துச்சா?"

"அழுகை சரிதான். ஆனா அது என் கனவு" என்றார் டிரைவர். "மேடம் கண்டுபிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அவங்க எங்க கண்டுபிடிக்கப் போறாங்க, பாவம்" என்றார் டீச்சர். "பேப்பர்ல அந்த விபத்துச் செய்தியைக் காட்டி நான்தான உங்ககிட்ட சொன்னேன். இன்னிக்காவது பையனைப் பத்தி ஒரு வார்த்தை பேசுவாங்கன்னு வாராவாரம் பார்க்கிறேன். வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

இன்னொரு நாற்காலி மடங்கியது.

"நாம தேறிட்டோம்னு தெரிஞ்சா குழுவை மூடிடுவாங்க" என்றார் டெய்லர். "அப்புறம் அவங்க எங்க போவாங்க?"

வெளியே அவள் கையில் கடிதம் கசங்கியது. உள்ளே டீச்சர் நோட்டைப் புரட்டினார்.

"சரி, அடுத்த வாரம் அழறது யாரு?"