ஃபௌக்கியா தைத்த வெல்வெட் உறை

அலெக்சாந்திரியாவில் என் நண்பன் லுத்ஃபியின் வரவேற்பறை. அவன் சீர்செய்துகொண்டிருக்கும் பழைய ஸ்டீரியோ மாலை வெயிலில் குடல்குடலாகப் பிரிந்து கிடக்கிறது. எகிப்தில் கிடைக்கும் கண்டென்சர்களெல்லாம் இதற்குள்தான் போயிருக்கின்றன என்று சத்தியமே செய்வேன். ஆனாலும் அவர்களுடைய கல்யாணக் கேசட்டில் அவன் மனைவி ஃபௌக்கியாவின் காலஞ்சென்ற அப்பா, ஏழு கம்பளிக்கு அடியில் படுத்துக்கொண்டு பாடுவதுபோல் மங்கலாகத்தான் கேட்கிறார். "டேப் ஹெட்டை இன்னொரு தடவை துடைக்கட்டுமா, ஷுக்ரி?" என்கிறான் லுத்ஃபி. "துடைச்சுத் துடைச்சு அதுக்குத் தோலே உரிஞ்சுபோச்சுய்யா. ஸ்பீக்கரோட சட்டையைக் கழட்டு" என்கிறேன். இருவரும் ஃபௌக்கியாவைப் பார்க்கிறோம். எங்கள் ஊரில் புதுப்பெண் வந்தால் டெலிபோன், டிவி எல்லாவற்றுக்கும் உறை தைத்துவிடுவாள். இவள் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் வெல்வெட்டில் ரோஜா ரோஜாவாகப் பூவேலை செய்து ஆணியே அடித்துவிட்டாள். அமைச்சரே வந்தாலும் அதைத் தொட முடியாது. "துணி மேல பழி போடாதீங்க, உஸ்தாத் ஷுக்ரி. அப்பா குரலே அப்படித்தான். என்னைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புறப்பக்கூட கண்ணு கலங்காத கல்லு மனுஷர். வேணும்னா நீங்களே கேளுங்க" என்று தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, அவளே ஒரு பெட்டியின் உறையைக் கத்தரிக்கிறாள். ரோஜாக்கள் மடிந்து விழுகின்றன. குரல் அறைக்குள் வந்து நிற்கிறது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சு உடைகிறது. அவர் அழுகையை விழுங்கி விழுங்கிப் பாடுகிறார். சர்க்கரை கலக்கும் என் கரண்டி நின்றுவிடுகிறது. "அப்புறம் அவர் இங்க வந்தப்பல்லாம் முகம் கொடுத்துப் பேசலையே நான்" என்கிறாள் ஃபௌக்கியா. லுத்ஃபி கேசட்டை நிறுத்தக் கை நீட்டுகிறான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, அடுத்த பெட்டியின் ரோஜாக்களில் கத்தரியை வைக்கிறாள்.