இளைத்துப்போன எலி

மளிகைக்கடையின் பழைய சுவரில் வளை வைத்திருந்த எலிக்கு வயசு ஏற ஏற வயிறும் ஏறியது. ஒருநாள் வளை வாசலிலேயே சிக்கிக்கொண்டது. கூடக் குடியிருந்த சுண்டெலிதான் பிடித்து இழுத்துப் போட்டது.

"அண்ணே, வேர்க்கடலையைக் குறைங்க. மூட்டையைச் சுத்தி நாலு ரவுண்டு ஓடுங்க."

"நாளையிலேருந்து பாரு" என்றது எலி. ஆனால் வாயைக் கட்ட மனசு வரவில்லை. அதனால் வளை வாசலைச் சுற்றிக் கொஞ்சம் சுவரைக் கொறித்துவிட்டது. இதுவும் உடற்பயிற்சிதானே என்று தோன்றியது. கடலையும் தொடர்ந்தது, கொறிப்பும் தொடர்ந்தது.

கொஞ்ச நாளில் எலி எங்கும் சிக்காமல் உள்ளே வந்து நின்றது.

"பாத்தியா தம்பி, எப்படி இளைச்சுட்டேன்!"

சுண்டெலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. எலிக்குப் பின்னால் கடைப் பூனையும் எங்கும் சிக்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.