தாயார் கவலைக்கிடம்

“கண்ணை மூடிக்கிட்டுப் படு அக்கா. மாப்பிள்ளை திருமயத்துல பஸ் எறங்கிட்டாராம்” என்று அவசரப்படுத்தினான் தம்பி ரத்தினவேல். அழகம்மாள் நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள்.

கொழும்பில் டாக்டருக்குப் படிக்கும் அவள் மகன் வெள்ளைச்சாமிக்கு, ‘தாயார் கவலைக்கிடம்’ என்று பொய்த் தந்தி அடித்தவன் ரத்தினவேல்தான். வந்த கையோடு தன் மகள் சொர்ணவல்லியைக் கட்டிவைத்துக் கொழும்புக்கே அனுப்பிவிட வேண்டும் அவனுக்கு. “வியாழக்கிழமை முகூர்த்தம். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது” என்று ஒற்றைக்காலில் நின்றான்.

ஓடிவந்த வெள்ளைச்சாமி தாயின் நாடியைப் பிடித்துப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒண்ணுமில்லடா, ஒனக்குக் கல்யாணம்! ஒங்கப்பா செத்தப்ப வந்து சேர ஒரு மாசமாக்குனியே, இப்ப மட்டும் எப்படி நாலே நாள்ல வந்தே?”

“அப்ப, திரும்பிப் போறதுக்கான பர்மிட் கைக்கு வரட்டும்னு காத்துக் கெடந்தேன் ஆத்தா. அப்பா மொகத்தைப் பாக்கக் குடுத்துவைக்கல. ஒன் மொகத்தையாவது பாத்துரணும்னு, இந்தத் தடவை பர்மிட் வாங்காமலே கப்பலேறிட்டேன்.”

“அதனால என்ன மாப்பிள்ளை?” என்றான் ரத்தினவேல்.

“அது இல்லாம வெளிய வந்தவனை மறுபடி உள்ள விட மாட்டாங்க மாமா. படிப்பு அவ்வளவுதான்.”

ரத்தினவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “சொர்ணவல்லி சின்னப் பிள்ளைதானே அக்கா. கல்யாணத்துக்கு இப்ப என்ன அவசரம்?” என்றபடி படியிறங்கினான்.

அழகம்மாள் மறுபடியும் கட்டிலில் சாய்ந்தாள். இந்தத் தடவை அவளை யாரும் படுக்கச் சொல்லவில்லை.