ஜனவரி ஒன்றாம் தேதி

"அறுபது முடிஞ்சவங்களுக்கு இந்தப் பாலிசி குடுக்க மாட்டாங்கய்யா. ஆதார்ப்படி அம்மாவுக்கு அறுபத்தொண்ணு ஆயிருச்சு."

காப்பீட்டு முகவர் சுகன்யா சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். சேந்தமங்கலத்தில் காலையிலிருந்து இது நான்காவது வீடு.

கந்தவேல் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். மகன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தவரை பெற்றவர்களுக்கும் அங்கே காப்பீடு இருந்தது. அவன் வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியதும் அது நின்றுபோயிற்று. இப்போது மனைவி தெய்வநாயகிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது.

"எனக்கு வேண்டாம். இவளுக்கு மட்டும் போட்டாப் போதும். வேற வழியில்லயா அம்மிணி?"

"பெரியவங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குதுங்க. அதுல முட்டி ஆபரேசன் சேராதுங்க. இதுலன்னா மூணு வருசம் பொறுத்தாப் பண்ணிக்கலாம்."

"மூணு வருசந்தானுங்களே, பொறுத்துக்கறேன்" என்றாள் தெய்வநாயகி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சுகன்யா ஆதார் நகலை மறுபடி பார்த்தாள். "ஜனவரி ஒண்ணாந்தேதின்னு போட்டிருக்குதுங்க. தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டு வெச்சிருப்பாங்க. வருசமும் தோராயமா இருக்கலாம். பள்ளிக்கூட டி.சி. இருந்தா எங்க கம்பெனியில ஒத்துக்குவாங்க."

"இவ பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல."

"ரெண்டு வருசம் கொறஞ்சாப் போதுமுங்கய்யா."

"இங்க பாரு அம்மிணி." அவர் குரல் உயரவில்லை. "எங்கய்யன் இந்த ஊருக்கே நியாயம் பேசுனவரு. ஒரு சொல்லு மாத்திச் சொன்னதில்ல. ஆபரேசனுக்காக வயசக் கொறச்சு எழுதுற ஊடு இல்ல இது. காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்பு."

காப்பி வரவில்லை. உள்ளே பீரோ திறக்கும் சத்தம்தான் கேட்டது.

சுகன்யா பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, தெய்வநாயகி சுவரைப் பிடித்தபடி வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். மடிப்பெல்லாம் கிழிந்து, பழுப்பேறிப்போன காகிதம்.

"அது இன்னுமா இருக்குது?" என்றார் கந்தவேல்.

சுகன்யா படித்தாள். பெயர் தெய்வநாயகி. பிறந்த வருடம் 1968. ஒன்பதாம் வகுப்பு. பள்ளியை விட்டது 1982. காரணம் என்ற இடத்தில் தலைமையாசிரியர் கையெழுத்தில் 'திருமணம்' என்று இருந்தது.

அவள் கந்தவேலைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசக் கொறச்சு எழுதச் சொல்லலீங்க மாமா" என்றாள் தெய்வநாயகி. "கல்யாணமாகி வந்தப்போ உங்கய்யன் ரேசன் கார்டுல கூட்டி எழுதுன நாலு வருசத்தத்தான் திருப்பிக் கேக்கறேன்."